வீல் ஸ்டட் மரை கெட்டால்: டை ஓட்டலாமா, ஸ்டட்டையே மாற்றலாமா?

டயர் மாட்டும்போது நட் பாதியில் இறுகி நிற்கிறதா? ஸ்பேனரில் ஏறி மிதிக்காதீர்கள். கழற்றி, கம்பி பிரஷால் துருவைத் தேய்த்துப் பாருங்கள். அப்புறமும் நின்றால் இரண்டு வழி: ஸ்டட்டில் (சக்கரத்தைப் பிடிக்கும், நட் ஏறும் போல்ட்) டை, அதாவது மரையைச் சீராக்கும் கருவி, ஓட்டுவது; இல்லை ஸ்டட்டையே மாற்றுவது.

செலவு: டை ஓட்டுவது மலிவு. ஸ்டட் மாற்றினால் கூலியும் சேரும். சில வண்டிகளில் ஹப்பையே (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) கழற்ற வேண்டும்.

எளிமை: டை ஓட்டச் சில நிமிடம்தான். ஆனால் அளவு முக்கியம். 12 மி.மீ. ஸ்டட்டிலேயே மரைக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ. உள்ளதும் உண்டு, 1.5 மி.மீ. உள்ளதும் உண்டு. மாற்றி ஓட்டினால் மிச்ச மரையும் போச்சு.

உறுதி: டை நசுங்கிய மரையை நேராக்கும், உரிந்துபோன உலோகத்தைத் திருப்பித் தராது. புது ஸ்டட்டில் முழு பலம்.

முனையில் ஓரிரு மரை நசுங்கியிருந்தால் டை போதும். நட் இறுகாமல் சுற்றினால் ஸ்டட்டோடு நட்டையும் மாற்றியே ஆகணும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் இறுக்கத்தை மறுபடி பாருங்கள்.