சூடான ஜன்னலோரமா, குளிர்ந்த அறையா? குளிர்காலத்தில் மூலிகைத் தொட்டிகள்

உறைபனி விழுமுன் தொட்டிகளை உள்ளே எடுத்துவிட வேண்டும் என்பது குளிர்ப் பகுதிகளில் செடி வளர்ப்பவர்களுக்குத் தெரியும். உள்ளே எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். ஹீட்டர் ஓடும் அறையின் ஜன்னலோரமா? அல்லது 5 முதல் 10 டிகிரி செல்சியஸில், உறையாமல் குளிர்ந்தே இருக்கும் அறையா?

பெரும்பாலான செடிகளுக்குக் குளிர்ந்த அறைதான் நல்லது என்பேன். சூட்டில் செடி வளரப் பார்க்கும். குளிர்கால வெயில் அதற்குப் போதாது. தண்டு மெலிந்து நீளும், இலை வெளிறும். வறண்ட காற்றில் இலைச்சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்தியும் வந்து ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த இடத்திலோ வளர்ச்சி அடங்கிவிடுவதால் குறைந்த வெளிச்சத்திலேயே செடி தாக்குப்பிடிக்கும்.

ரோஸ்மேரி இதற்கு நல்ல சாட்சி. சூடான அறையில் அதன் மண் சீக்கிரம் காய்ந்துவிடும். வேர் செத்த பிறகும் இலை சில நாள் பச்சையாகவே நிற்பதால் நமக்குத் தெரிவதில்லை. அதற்குப் பயந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் அழுகும். குளிர்ந்த, வெளிச்சமான இடத்தில் வைத்து, மேல்மண் காய்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்து ஊற்றினால் போதும்.

எலுமிச்சை மணம் வீசும் புதர்ச்செடியான லெமன் வெர்பினா இன்னும் சுலபம். இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கிவிடும் என்பதால் வெளிச்சம் குறைந்த கராஜ்கூட அதற்குப் போதும். ஆனால் வசந்தத்தில் தாமதமாகத்தான் துளிர்க்கும். செத்துவிட்டது என்று அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள், பாவம்! பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. எலுமிச்சைப்புல்லையும் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிட்டு, மண் முழுதாகக் காயாமல் பார்த்துக்கொண்டு இப்படியே வைக்கலாம்.

சரி, ஜன்னலோரம் யாருக்கு? துளசி இனத்தைச் சேர்ந்த பேசிலுக்கு. 10 டிகிரிக்குக் கீழே போனாலே அதன் இலை கறுத்துவிடும். அதிலும் முற்றிய செடியோடு போராடுவதைவிட, இலையுதிர்காலத்திலேயே நுனித்தண்டுகளைக் கிள்ளித் தண்ணீரில் வைப்பது மேல். ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். அப்புறம் தொட்டிக்கு மாற்றி, தினமும் 14 மணி நேரம் எல்இடி விளக்கு காட்டினால் குளிர்காலத்திலும் தழைக்கும்.

குளிர்ந்த அறையே இல்லாத வீடுகளும் உண்டு. ஹீட்டரை அணைத்துவைத்த படுக்கையறை, மூடிய தாழ்வாரம், மாடிப்படி ஜன்னல் என்று தேடிப் பாருங்கள். அங்கே ஒரு வெப்பமானியை வைத்து, விடியற்காலையில் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பார்த்துவிட்டுத் தொட்டியை நகர்த்துங்கள்.