முதல் சர்ஃபிங் வகுப்பு: கோவளமா, வெலிகமவா, அறுகம்பேயா?

லீவுக்குக் கடற்கரைக்குப் போகிறோம், ஒரு நாள் சர்ஃபிங் கற்றுப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் காதில் அதிகம் விழுவது மூன்று பெயர்கள்: ஈசிஆரில் இருக்கும் கோவளம், இலங்கையின் தென்கரையில் வெலிகம, அதே இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம்பே. (கேரளத்திலும் ஒரு கோவளம் உண்டு, அங்கேயும் சர்ஃபிங் உண்டு. புக் பண்ணும்போது எந்தக் கோவளம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) மூன்றும் நல்ல கடல்தான். ஆனால் பலகையையே தொட்டுப் பார்க்காதவருக்கு மூன்றும் ஒன்றில்லை, எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதிலே மாறிவிடும்.

முதல் நாள் என்ன நடக்கும் என்று தெரிந்தால் தேர்ந்தெடுப்பது சுலபம். முதல் அரை மணி நேரம் மணலில்தான். பலகை மேல் குப்புறப் படுத்து, கைகளால் தண்ணீரைத் தள்ளுவது போலத் தள்ளி, உள்ளங்கைகளை மார்புக்குப் பக்கத்தில் ஊன்றி ஒரே மூச்சில் எழுந்து பக்கவாட்டில் நிற்கப் பழக வேண்டும். பாப்-அப் என்பது இதுதான். அப்புறம் இடுப்பளவுத் தண்ணீர். அங்கே ஏற்கெனவே உடைந்து வெள்ளை நுரையாக உருண்டு வரும் அலைதான் உங்களுக்கு. வாத்தியார் பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நுரை நெருங்கியதும் தள்ளிவிட்டு எழச் சொல்லிக் கத்துவார். தூரத்தில் வளைந்து எழும்பும் உடையாத அலை அன்றைக்கு உங்களுக்குத் தேவையே இல்லை. ஆகவே பார்க்க வேண்டியது, விழுந்தால் அடிபடாத மணல் தரை இருக்கிறதா, திடீரென்று ஆழமாகாத கரையா, முட்டிக்கும் இடுப்புக்கும் நடுவே நிற்கிற நுரை வருகிறதா, சொல்லித் தருகிறவர் சொல்வது உங்களுக்குப் புரிகிறதா, இவ்வளவுதான். தென்னந்தோப்பும் கஃபேயும் சூரிய அஸ்தமனமும் அதற்குப் பிறகு.

கோவளம்

சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், மாநகரப் பேருந்தே போகிறது. ஆனால் கோவளத்தின் பெரிய பலம் பக்கத்தில் இருப்பது அல்ல, அங்கே சொல்லித் தருகிறவர்கள். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தானாகப் பழகி, ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து, தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு பள்ளியாக வளர்த்தது உலகம் அறிந்த கதை. 2013-ல் அங்கே சர்ஃபிங் திருவிழா தொடங்கியது. இன்றைக்கு அந்தக் கரையில் உங்கள் பலகையைப் பிடித்து நிற்கும் பையன் பெரும்பாலும் மீனவர் வீட்டுப் பிள்ளை. இன்றைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்த இடத்தில் மண் அரித்துக் குழியாகியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். இது எந்தச் சான்றிதழாலும் வருவதில்லை.

இன்னொன்று, பாடம் தமிழில் நடக்கிறது. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நுரை முதுகில் மோதி, காதில் தண்ணீர் புகுந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு விநாடியில் "எழுந்திரு! கீழ பாக்காத, கரையப் பாரு!" என்று ஒருவர் கத்தினால் உடம்பு உடனே கேட்கிறது. அதையே பழகாத உச்சரிப்பில் வேற்று மொழியில் கேட்டுப் புரிந்துகொள்வதற்குள் அலை போய்விடும். பிள்ளைகளுக்கும், ஐம்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டு வருகிற அப்பா அம்மாக்களுக்கும் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கோவளத்தைச் சொல்வேன்.

குறைகளும் உண்டு. முனைப் பக்கம் பாறை இருக்கிறது, அது தெரிந்தவர்கள் அலை பிடிக்கும் இடம். கற்றுக்கொள்கிறவர்கள் மணல் இருக்கும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வடக்கே முட்டுக்காடு முகத்துவாரம். மழைக்காலத்தில் அது திறந்து தண்ணீர் கடலுக்குள் பாயும்போது அந்தப் பக்கமே போகக்கூடாது. கோடையில் சொறி (ஜெல்லி மீன்) மிதந்து வரும் நாட்கள் உண்டு, முழுக்கை ராஷ் கார்டும் (உடம்போடு ஒட்டிய நீச்சல் மேலாடை) லெக்கிங்ஸும் போட்டால் பெரிய தொல்லை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறதே, அது தனி. 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்த கடற்கரை, சுத்தமாக இருக்கிறது, அதனால் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கரையில் நின்று கையில் போனோடு வேடிக்கை பார்க்கிறவர்களும் அதிகம். பெண்கள் பலருக்கு இது சங்கடம். வார நாளில், காலை ஆறு மணிக்குப் போனால் கடலில் நீங்களும் வாத்தியாரும் மீனவர்களும்தான்.

காலை என்று சொல்வதற்குக் காற்றும் ஒரு காரணம். அதிகாலையில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். எதிரே வரும் அலையின் முகத்தை அது நிமிர்த்திப் பிடித்து வழவழப்பாக்குகிறது. நேரம் ஆக ஆக, நிலம் சூடேறி, கடற்காற்று தொடங்கியதும் அலை கசங்கிக் கலங்கிப்போகும். மத்தியான வகுப்பு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஜனவரி முதல் மார்ச் வரை கோவளத்தில் அலை சின்னது, புதியவர்களுக்கு இதமானது. ஏப்ரலுக்குப் பிறகு தெற்கிலிருந்து வரும் அலை வளர ஆரம்பிக்கும். 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டியையும், 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பையும் (ரமேஷ் புதிஹால் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கிக்கொடுத்தது இதில்தான்) பக்கத்து மாமல்லபுரத்தில் நடத்தியது சும்மா இல்லை. அந்த மாதத்தில் இந்தக் கரைக்கு உண்மையான அலை வருகிறது. அப்போதும் கற்கலாம், ஆனால் வாத்தியார் இன்றைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, வங்கக் கடலில் புயல் காலம். முதல் வகுப்புக்கு அதை விட்டுவிடுங்கள்.

வெலிகம

கடலை மட்டும் பார்த்தால் மூன்றில் புதியவருக்கு மிகப் பொருத்தமானது இதுதான், சந்தேகமே இல்லை. பிறை போல வளைந்த விரிகுடா, பெரும்பகுதி மணல் தரை. அலை தூரத்திலேயே உடைந்து, கோபம் தணிந்த நுரையாக நீண்ட தூரம் உருண்டு வருகிறது. கோவளத்தில் ஒரு நுரையில் எழுந்து நிற்பதற்குள் கரை வந்துவிடும் நாட்கள் உண்டு. வெலிகமவில் எழுந்து, தடுமாறி, சமாளித்து, நிமிர்ந்து பார்க்கவும் நேரம் கிடைக்கிறது. கற்றுக்கொள்ளும்போது அந்தக் கூடுதல் விநாடிகள்தான் எல்லாம், உடம்பு சமநிலையைக் கண்டுபிடிப்பது அதில்தான்.

கரை நெடுகப் பலகைகளைச் சாய்த்து வைத்துக்கொண்டு பள்ளிகள் வரிசையாக இருக்கின்றன, போட்டி அதிகம், அதனால் பேரம் பேசலாம். பலகையை மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, முதல் நாள் கற்றதை மறுநாள் தனியாகப் பழகவும் வசதி. கொழும்புக் கோட்டையிலிருந்து கடலோரமாகவே வரும் மாத்தறை ரயிலில் ஏறினால் வெலிகமவிலேயே இறங்கலாம். ஜன்னல் பக்கம், கடல் தெரியும் வலது கைப் பக்கமாகப் பார்த்து உட்காருங்கள், பயணமே ஒரு விடுமுறை.

ஆனால் கூட்டம். சீசனில் ஒரே நுரைக்கு இருபது பேர் காத்திருக்கிறார்கள், அத்தனை பேரும் புதியவர்கள், யாருக்கும் பலகையைத் திருப்பத் தெரியாது. அங்கே அடிபடுவது கடலால் இல்லை, அடுத்தவர் பலகையால். அதனால் விழுந்தால் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு மேலே வருவது, பலகையை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் ஒருபோதும் வைக்காதிருப்பது, இரண்டையும் மணலில் நிற்கும்போதே கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். பின்னதை மறந்தால் அலை பலகையைத் தூக்கி முகத்திலேயே அறைந்துவிடும்.

பயிற்சியாளர்கள் சிங்களம் பேசுகிறவர்கள், பாடம் ஆங்கிலத்தில். ரஷ்யப் பயணிகள் கூட்டமாக வருவதால் சிலர் ரஷ்ய மொழிகூடப் பேசுகிறார்கள், தமிழ் கிடைப்பது அரிது. ஆங்கிலம் சரளமாக இருந்தால் பிரச்சினை இல்லை. நல்ல பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. தென்மேற்குப் பருவத்திலும் விரிகுடா கொஞ்சம் காப்பாற்றும் என்பதால் கடையை மூடமாட்டார்கள், ஆனால் அலை பெரிதாகிக் கலங்கியிருக்கும். பக்கத்து மிதிகமவில் அலை அழகாக இருக்கிறது என்று யாராவது அழைத்தால் முதல் வாரத்தில் போகாதீர்கள், அங்கே கீழே பாறையும் பவளமும்.

அறுகம்பே

மனசுக்கு நெருக்கமானது எது என்று கேட்டால் எனக்கு அறுகம்பேதான். முதல் வகுப்புக்கு எது என்று கேட்டால் மூன்றாவதாகத்தான் சொல்வேன். இதன் புகழ் முழுக்க மெயின் பாயிண்ட் என்ற ஒரே அலையால் வந்தது. முனையைச் சுற்றி வலப்பக்கமாக நீளமாக ஓடும் அலை, கீழே பாறைத் தரை, தெரிந்தவர்களுக்கானது. புதியவர்களைப் பேபி பாயிண்டுக்கோ, பக்கத்து ஊரான பொத்துவில்லைத் தாண்டி வடக்கே இருக்கும் விஸ்கி பாயிண்டுக்கோ, பாணமை சாலையில் தெற்கே இருக்கும் பீனட் ஃபார்முக்கோ கூட்டிப் போவார்கள். பலகையை ஆட்டோவின் கூரையில் கட்டிக்கொண்டு போக வேண்டும், ஆட்டோ காசு தனி, அதை வகுப்புக் கட்டணத்தோடு சேர்த்துத்தான் பேச வேண்டும். எல்லா இடத்திலும் மணல் என்றும் சொல்ல முடியாது, அங்கங்கே கல் உண்டு.

பயணமும் நீளம். கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரு பகல் முழுக்கப் போய்விடும். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பேருந்தில் வருவது எனக்குப் பிடித்த வழி. இரண்டு மூன்று நாள் விடுமுறையில் இதைத் திணிக்காதீர்கள்.

அப்படியிருந்தும் இதை ஏன் பட்டியலில் வைத்திருக்கிறேன் என்றால், மொழிக்காக. பொத்துவில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர், உங்கள் பயிற்சியாளர் கிழக்கு மாகாணத் தமிழில் சொல்லித் தர நல்ல வாய்ப்பிருக்கிறது. இலங்கையின் முதல் பெண்கள் சர்ஃபிங் கிளப் 2018-ல் உருவானதும் இங்கேதான். 2004 சுனாமி அடித்து நொறுக்கிய கரை இது. எத்தனையோ வீடுகளில் கடலுக்குப் போகாதே என்று பெண் பிள்ளைகளைத் தடுத்த ஊரில் பெண்கள் பலகையோடு கடலுக்குள் போவதைப் பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இங்கே தாராளமாகக் கேளுங்கள். பருவம் மே முதல் செப்டம்பர் வரை, தென்கரை கலங்கிக் கிடக்கும் அதே மாதங்கள்.

லீவு எப்போது?

நம் பள்ளி விடுமுறைகளை வைத்தே பார்த்துவிடலாம். அரையாண்டு லீவில், டிசம்பர் கடைசியில் என்றால் வெலிகம, யோசிக்கவே வேண்டாம். பொங்கலுக்கு என்றால் கோவளம், ஆனால் காணும் பொங்கலன்று வேண்டாம், அன்றைக்குச் சென்னைக் கடற்கரைகளில் கூட்டமும் அதிகம், குளிக்கவும் தடை போடுகிறார்கள். ஏப்ரல் என்றால் வெலிகம பருவம் முடிகிற நேரம், கோவளத்தில் வெயில் கடுமை, இரண்டில் எதுவானாலும் காலை எட்டரைக்குள் கரையேறிவிடுகிற மாதிரி வகுப்பு எடுங்கள். மே, ஜூனில் பத்து நாள் கையில் இருந்தால் அறுகம்பே, இரண்டு நாள்தான் என்றால் கோவளம். புதுச்சேரிக்குப் போகிறவர்கள் செரினிட்டி பீச்சில் கற்கலாம், ஆனால் மண்ணரிப்புக்குப் போட்ட கற்சுவர்கள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, அவற்றிலிருந்து தள்ளியே இருங்கள். வர்கலா குன்றின் கீழே நவம்பருக்குப் பிறகு நன்றாக இருக்கும்.

எந்த ஊரானாலும் போன் செய்யும்போதே ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். "அண்ணா, எனக்கு நீச்சல் தெரியாது, பரவாயில்லையா?" நல்ல பள்ளி உடனே கேள்வி கேட்கும்: மிதக்கவாவது தெரியுமா, தண்ணீரில் பயம் உண்டா, எத்தனை பேர் வருகிறீர்கள், அப்படியானால் உங்களுக்குத் தனியாக ஒரு ஆள் போடுகிறேன். "அதெல்லாம் பிரச்சினையே இல்ல, வாங்க வாங்க" என்று மட்டும் சொன்னால் அடுத்த நம்பரைப் பாருங்கள். இடுப்பளவுத் தண்ணீர்தான் என்றாலும் கால் தடுக்கி நுரைக்குள் உருளும்போது பதற்றம் வரும், இழுப்பு இருந்தால் இடுப்பளவு கழுத்தளவாக ரொம்ப நேரம் ஆகாது. அப்படி இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதந்து கை காட்ட வேண்டும், இதை அவர்களே மணலில் வைத்துச் சொல்லித் தந்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து எண்ணிக்கை. ஒரு வாத்தியாருக்கு மூன்று பேர், அதிகம் போனால் நான்கு. குழு வகுப்பு விலை குறைவு என்று எட்டுப் பேரோடு சேர்ந்தால் வரிசையில் நின்று அலைக்குக் காத்திருப்பதிலேயே நேரம் போய்விடும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கஃபேயில் பிடியுங்கள், இங்கே வேண்டாம். பலகை மெத்தென்ற மேல்பரப்பு உள்ளதா, எட்டு ஒன்பது அடி இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்க அழகாக இருக்கும் சின்னப் பலகை புதியவருக்கு மிதப்பும் தராது, நிலையும் தராது.

முடிந்தால் இரண்டு வகுப்பாக, இரண்டு நாள் அடுத்தடுத்து எடுங்கள். முதல் நாள் முழுக்க விழுவதில் போகும், தோளும் விலாவும் வலிக்கும், பலகை உரசி வயிறு எரியும். மறுநாள் காலையில், வலியோடுதான், முதல் சில நுரைகளிலேயே நிற்கிறவர்களை மூன்று கரைகளிலும் பார்த்திருக்கிறேன். அதனால் வகுப்பை லீவின் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள், போய் இறங்கிய மறுநாளே வைத்துக்கொள்ளுங்கள்.