ப்ரிஃபிக்ஸ் லிஸ்ட்: பல வருடம் ஓட்டியும் தீராத ஒரு கோபம்

வேறொரு நிறுவனத்தில் நெட்வொர்க் பார்க்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "ரூட் ஃபில்டருக்கு நாங்க இன்னும் ஆக்சஸ் லிஸ்ட்தான் வச்சிருக்கோம். ப்ரிஃபிக்ஸ் லிஸ்டுக்கு மாறிடலாமா?" மற்ற நெட்வொர்க்குகள் அறிவிக்கும் ரூட்டுகளில் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற தகவல்) எதை ஏற்பது என்று வடிகட்டும் இரண்டு வகைப் பட்டியல்கள் இவை. ஃபோனில் பாதிதான் சொல்ல முடிந்தது. பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் ரூட் பரிமாறும் நெறிமுறை) அடிப்படை தெரிந்தவர்களுக்காக மீதியும் இங்கே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டர்ட் ஆக்சஸ் லிஸ்ட் நெட்வொர்க் எண்ணை மட்டும்தான் பார்க்கும், மாஸ்க்கை (முகவரியின் முதல் எத்தனை பிட் நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்பது; /8, /24 என்று எழுதுவோம்) பார்க்காது. 10.0.0.0-க்கு பெர்மிட் கொடுத்தால் 10.0.0.0/8-ம் வரும், 10.0.0.0/24-ம் வரும். மாஸ்க்கையும் பிடிக்க வேண்டுமென்றால் எக்ஸ்டெண்டட் லிஸ்டில் சோர்ஸ் இடத்தில் நெட்வொர்க்கையும் டெஸ்டினேஷன் இடத்தில் மாஸ்க்கையும் எழுத வேண்டும்: 10.0.0.0 0.255.255.255 255.255.255.0 0.0.0.0. நள்ளிரவில் லிங்க் விழுந்த நேரத்தில் இந்த வரியைப் படித்துப் பாருங்கள், வேதனை தெரியும். ப்ரிஃபிக்ஸ் லிஸ்டில் இதுவே 10.0.0.0/8 ஜிஈ 24 எல்ஈ 24 (குறைந்தது 24, அதிகபட்சம் 24). முதல் 8 பிட் பொருந்த வேண்டும், நீளம் 24 ஆக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வரிசை எண்கள் ஐந்து ஐந்தாகப் போவதால் நடுவில் ஒரு வரியை நிம்மதியாகச் செருகலாம். பழைய எண் லிஸ்டில் ஒரு வரியை நீக்கப் போனால் மொத்த லிஸ்டும் போய்விடும். மூன்றாவது ஆக்டெட் (முகவரியில் புள்ளிகளுக்கு நடுவே வரும் எண்) ஒற்றைப்படையாக உள்ளவற்றை மட்டும் பிடிப்பது போன்ற வைல்ட்கார்டு வித்தை ப்ரிஃபிக்ஸ் லிஸ்டில் முடியாதுதான். நிஜ வேலையில் எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். லிஸ்டின் கடைசியில் எழுதாத டினை (எந்த வரியிலும் பொருந்தாததைத் தடுக்கும் விதி) ஒன்று உண்டு என்று எல்லோருக்கும் சொல்லித் தருகிறோம். ஆனால் நெய்பர் வரியில் (எந்த அண்டை ரவுட்டருக்கு எந்த லிஸ்ட் என்று சொல்லும் வரி) குறிப்பிட்ட பெயரில் லிஸ்டே இல்லையென்றால், எங்கள் ரவுட்டர் எல்லா ரூட்டையும் உள்ளே விடுகிறது. எச்சரிக்கை கிடையாது. எங்கள் எட்ஜில் (வெளியுலகோடு இணைக்கும் ரவுட்டர்) ப்ரொவைடரிடமிருந்து டிஃபால்ட் ரூட் (வேறு வழி தெரியாத எல்லாவற்றுக்கும் ஒரே வழி) மட்டும்தான் எடுப்போம், 0.0.0.0/0 என்று ஒரே வரி. ஒருநாள் மெயின்டனன்ஸில் லிஸ்டின் பெயரில் ஹைஃபன், நெய்பர் வரியில் அண்டர்ஸ்கோர். சாஃப்ட் க்ளியர் (செஷனை அறுக்காமல் ரூட்டுகளை மறுபடி வடிகட்டச் சொல்லும் கட்டளை) கொடுத்ததும் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட்டுகள் அந்தச் சின்னப் பெட்டிக்குள் கொட்ட ஆரம்பித்தன. மேக்ஸிமம் ப்ரிஃபிக்ஸ் வரம்பு (இத்தனை ரூட்டுக்கு மேல் வந்தால் செஷனை அறு என்பது) இருந்ததால் செஷன் அறுந்தது, பெட்டி பிழைத்தது. தட்டச்சுப் பிழை யாருக்கும் வரும். அதற்கு "எல்லாம் வரலாம்" என்று ஒரு கருவி அர்த்தம் கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வடிகட்டாமல் விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2008 பிப்ரவரி 24 போதும். யூடியூபின் 208.65.152.0/22-க்குள் இருக்கும் 208.65.153.0/24-ஐ பாகிஸ்தான் டெலிகாம் அறிவித்தது. மேலே இருந்த ப்ரொவைடர் வடிகட்டாமல் கடத்தியது. நீளமான ப்ரிஃபிக்ஸ்தானே (/22-ஐ விட /24) ஜெயிக்கும்? உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் கிடைக்கவில்லை. 2017-ல் வந்த ஆர்எஃப்சி 8212 (இணையத் தரநிலை ஆவணம்), வெளி பிஜிபி செஷனில் பாலிசியே இல்லையென்றால் ரூட்டை ஏற்கவும் கூடாது, அனுப்பவும் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இல்லாத லிஸ்டுக்கும் அதே நியாயம் வேண்டாமா?

பழைய ஆக்சஸ் லிஸ்டும் இல்லாதபோது இதையேதான் செய்யும் என்பீர்கள். சரி. ஆனால் அதற்குப் பெயர் வெறும் 10 போன்ற ஓர் எண்தான். அதில் ஹைஃபன் எங்கே மாறும்?

அதனால், இத்தனை பாராட்டிய பிறகும், நண்பருக்கு என் பதில்: ஓடுகிற லிஸ்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். புது எட்ஜ் வரும்போது மாறுங்கள். அன்று மேக்ஸிமம் ப்ரிஃபிக்ஸ் வரம்பை முதலில் போடுங்கள், அப்புறம் லிஸ்ட், அப்புறம் நெய்பர் வரி. பெயரைக் கையால் அடிக்க வேண்டாம், காப்பி பண்ணி ஒட்டுங்கள். க்ளியர் கொடுத்தவுடன் லிஸ்டின் ஹிட் கவுன்ட்டை (எத்தனை முறை பொருந்தியது என்ற எண்ணிக்கை) பாருங்கள். அது பூஜ்யத்திலேயே நின்றால் நெய்பர் வரி வேறு ஏதோ பெயரைத் தேடிக்கொண்டிருக்கலாம்.