மர்மதேசம்: என் வாக்கு வைரவருக்கே

மர்மதேசம் என்றால் பெரும்பாலானவர்கள் 'விடாது கருப்பு' பக்கம்தான் நிற்பார்கள். நான் 'ரகசியம்' கட்சி. தொடரைத் தயாரித்த கவிதாலயாவின் யூரியூப் தளத்தில் இரண்டையும் திரும்ப முழுதாகப் பார்த்து முடித்த பிறகும் கட்சி மாறவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, தொண்ணூறுகளின் பிற்பாதியில் சன் ரீவியில் வாரம் ஒருமுறை வந்த மர்மத் தொடர் இது. மர்மதேசம் என்பது பொதுப்பெயர். அதன் கீழே ரகசியம், விடாது கருப்பு, சொர்ண ரேகை, இயந்திரப் பறவை என்று ஒவ்வொன்றும் தனிக்கதை. ஒன்றைப் பார்க்காமலே மற்றதைப் பார்க்கலாம். முதல் இரண்டையும் இயக்கியவர் நாகா.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அது கசெற்றில்தான் வந்தது. கொழும்பில் டிஷ் வைத்திருந்த யாரோ பதிந்து, கப்பலில் வந்து, சந்தி வீடியோக் கடையில் வாடகைக்குக் கிடைக்கும். இடையில் வந்த சவர்க்கார விளம்பரங்களும் நகைக்கடை விளம்பரங்களும் அப்படியே இருக்கும். அதையும் விடாமல் பார்ப்போம். ஒரு கசெற்றின் கடைசிப் பகுதியில் கடைக்காரர் யாருடையதோ கலியாண வீட்டைப் பதிந்து வைத்திருந்தார். கருப்பு சாமி வெள்ளைக் குதிரையில் வந்துகொண்டிருக்க, திடீரென்று மணவறையும் மேளச் சத்தமும். காசைத் திருப்பித் தரச் சொல்லி அம்மம்மா போய்ச் சண்டை பிடித்தார். கிடைக்கவில்லை. அந்த மிச்சத்தை இப்போதுதான் பார்த்தேன்.

சரி, ஏன் ரகசியம்? கதையின் நடுவில் இருப்பது ஒரு பைரவர் கோயில். மருத்துவ சக்தி உள்ளதாகச் சொல்லப்படும் நவபாஷாண லிங்கம், அதைத் தேடி அலைகிற ஆட்கள், இருட்டிய பிறகு அங்கே போகிறவர்களுக்கு நடப்பது, பிறகு நாய்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்ததோ தெரியாது. எங்களுக்குப் பைரவர் என்றால் வைரவர், ஒழுங்கை முடக்கில் இருப்பவர். ஒரு மரம், அடியில் ஒரு சூலம், வெள்ளிக்கிழமை விளக்கு, நேர்த்தி வைத்தால் வடைமாலை. களவு போனால் முறைப்பாடு முதலில் அவரிடம்தான். "வைரவர் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்" என்று அம்மம்மா சொன்னால் அதற்கு மேல் பேச்சே இல்லை. கருப்பு அயலூர்ச் சாமி. எங்கள் பக்கம் முனியும் அண்ணமாரும்தான். அதனால் கருப்பை ரசித்துப் பார்த்தோம், வைரவருக்குப் பயந்தோம்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வருடங்களில் இரவில் நாய் குரைத்தால் எங்களுக்குப் பேய் நினைவு வராது. ஆமி ஒழுங்கையால் போகிறது என்று அர்த்தம். முதலில் தூரத்தில் ஒன்று குரைக்கும், பிறகு அடுத்த வளவு, பிறகு எங்கள் வேலியடி. சத்தம் வருகிற திசையை வைத்தே எந்தப் பக்கம் போகிறார்கள் என்று அப்பா மெல்லச் சொல்வார். கரண்ட் இருக்கிற இரவுகளில் ரகசியம் ஓடும்போது திரையில் நாய் குரைக்கத் தொடங்கினால் உடனே ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவோம். குரைப்பது உள்ளேயா வெளியேயா என்று முதலில் தெரிய வேண்டும். அப்படிப் பாதிக் காட்சிகளைச் சத்தமே இல்லாமல் பார்த்திருக்கிறோம். இப்போது ஹெட்போன் போட்டுக் கேட்டால்தான் அந்தத் தொடரில் ஒலிக்கு எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று விளங்குகிறது. காட்டாமலே பயமுறுத்துகிற வேலையில் பாதியை அதுதான் செய்கிறது.

குறைகள் இருக்கின்றன. படம் மங்கல். பெரிய திரையில் போட்டால் முகங்கள் கரைந்து போகும், போனில் பார்ப்பதே நல்லது. மெதுவாகவும் நகரும். என் மகன் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "இதில என்ன பயம் இருக்கு?" என்றான். அந்த வேகத்தில் ஒன்றும் இருக்காதுதான். ஒருவர் கதவு வரை நடந்து போகிற நேரம் முழுக்க நாமும் கூடவே நடக்க வேண்டும், அதைச் சுருக்கினால் மிஞ்சுவது வெறும் கதவு.

விடாது கருப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. சிறுவன் ராஜேந்திரனின் காலத்தையும் அவன் வளர்ந்த பிறகான காலத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுவதை அன்றைய சின்னத்திரையில் துணிந்து செய்திருக்கிறார்கள். வளர்ந்த ராஜேந்திரனாக வந்த சேதனும் அதில் நடித்த தேவதர்ஷினியும் பிறகு நிஜமாகவே கலியாணம் செய்துகொண்டார்கள் என்பது பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு இடிப்பது முடிச்சை அவிழ்க்கிற இடம். பேச்சு கூடிப்போச்சு. ரகசியத்தில் சாமியா மனிதனா என்ற இழுபறி இன்னும் நேர்த்தியாக நிற்கிறது. சொர்ண ரேகை, கைரேகையை வைத்துப் பின்னிய கதை, எனக்கு ஒட்டவே இல்லை.

ரகசியத்தில் டெல்லி கணேஷைப் பார்க்கும்போது மனது கொஞ்சம் கனத்தது. 2024 நவம்பர் 9ஆம் திகதி இரவு அவர் போனார். அடுத்த நாள் இந்திரா சௌந்தர்ராஜன்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் ரகசியத்திலிருந்து தொடங்குங்கள். இரவில், சாதாரண வேகத்தில், ஹெட்போனோடு. கதைச் சுருக்கம் மட்டும் தேடி வாசிக்க வேண்டாம், ஒரே வரியில் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.