பெயரில்லாத டப்பாவுக்கு 7,500 ரூபாய்: மங்கு மறைய கிரீம் வாங்குவோர் கவனத்திற்கு

கன்னத்தில் மங்கு உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுப் பர்ஸைத் திறவுங்கள். எங்கள் ஊர் அழகு நிலையம் ஒன்றில் 7,500 ரூபாய் கொடுத்து வாங்கிய 'மூலிகை நைட் கிரீம்' என் முகத்தை என்ன பாடு படுத்தியது என்பதைக் கோபம் அடங்காமலேயே எழுதுகிறேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு இரு கன்னங்களிலும் மங்கு படர்ந்தது. புருவம் திருத்தப் போன இடத்தில் உரிமையாளர் தாமாகவே பேச்சைத் தொடங்கினார். என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தவர், "அக்கா, இதுல கெமிக்கலே கிடையாது. குங்குமப்பூ, அதிமதுரம், கற்றாழை அவ்வளவுதான். என் பொண்ணுக்கே இதைத்தான் போடுறேன்" என்றார். பெற்ற மகளுக்கே போடுவதாக ஒருவர் சொல்லும்போது அதற்கு மேல் என்ன கேட்பது? தயாரித்தவர் பெயரோ, உட்பொருள் விவரமோ, காலாவதி தேதியோ அச்சிடப்படாத மூன்று வெள்ளை டப்பாக்களுக்கு 7,500 ரூபாய் கைமாறியது.

தொடக்கத்தில் முகம் பளிச்சென்று ஆனது உண்மைதான். பிறகு வெயிலில் இறங்கினாலே மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிச்சல், வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பருக்கள், கன்ன ஓரத்தில் பூனைமுடி. ஓர் இரவு தடவாமல் விட்டால் மறுநாள் முகம் சிவந்து வீங்கும், தடவினால் அடங்கிவிடும். இப்படிப் பிடித்துவைத்துக்கொள்வதால்தான் அடுத்த டப்பாவும் விற்கிறது.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு மருத்துவர், கன்னத்தை இரு விரலால் இழுத்துப் பிடித்துக் கண்ணாடியில் காட்டினார். மெலிந்துபோன தோலுக்கடியில் சிவப்பு நூல்களாக ரத்தக்குழாய்கள் தெரிந்தன. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் போன்ற ஸ்டீராய்டுகளை (அழற்சியை அடக்கும் மருந்துகளை) முகத்தில் தொடர்ந்து பூசினால் வரும் பாதிப்பு இது என்றார். ஸ்டீராய்டு ரத்தக்குழாய்களைச் சுருக்கி நிறமியையும் அடக்குவதால் முதலில் வெளுப்பு கிடைக்கிறது. தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் குறைந்து தோல் மெலிகிறது. நிறுத்தியதும் குழாய்கள் மொத்தமாக விரிந்து முகம் எரிகிறது. இத்தகைய பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று மத்திய அரசு 2018இல் அட்டவணை எச்-இல் சேர்த்துவிட்டது. மருந்துக்கடைக்கே அந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது, அழகு நிலையத்தில் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள்.

அழகு நிலைய உரிமையாளருக்குப் புகைப்படங்களை அனுப்பிக் கேட்டபோது, "உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வருதுக்கா, நிறுத்தாதீங்க" என்று பதில் வந்தது. அடுத்து என் உடம்புச் சூட்டின் மீது பழி. நேரில் போய் 7,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டால், பில்லில் 'ஸ்கின் கேர்' என்றுதான் இருக்கிறது, கிரீம் என்று எங்கே இருக்கிறது என்று எதிர்க்கேள்வி. சமாதானத்துக்கு ஃபேஷியல் ஒன்று இலவசமாகச் செய்வார்களாம்! எரிகிற முகத்துக்கு ஃபேஷியல்! மருத்துவரின் சீட்டைக் காட்டிய அன்று மாலையே வாட்ஸ்அப்பில் என்னைப் பிளாக் செய்துவிட்டார். 7,500 ரூபாய் போனது போனதுதான். சிகிச்சைச் செலவு தனி.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. லேபிள் இல்லாத எதையும் முகத்தில் வைக்காதீர்கள். லேபிள் இருந்தால், அதில் மொமெட்டசோன், குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், ஃபுளூசினோலோன் என்ற ஸ்டீராய்டு பெயர்கள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால், தோல் மருத்துவர் எழுதித் தராமல் தொடாதீர்கள். சில நாளிலேயே வெளுப்பு தெரிந்தால் மகிழாமல் சந்தேகப்படுங்கள். பில்லில் பொருளின் பெயரை எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே தடவிக்கொண்டிருப்பவர்கள் மீதமுள்ள டப்பாவைத் தூக்கி எறியாமல் அப்படியே தோல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். எப்படி நிறுத்துவது என்பதை அவரே சொல்லட்டும்.