துபாயா, ஸ்டுட்கார்ட்டா, சிங்கப்பூரா: சம்பளத்தில் கையில் நிற்பது எவ்வளவு?

என் சித்தி மகன் கோவையில் மெக்கானிக்கல் இன்ஜினியர். போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு வேலைக் கடிதங்கள் வந்துவிட்டன. துபாயில் மாதம் 15,000 திர்ஹம், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 4,800 யூரோ. "நம்ம காசுக்குப் பார்த்தா யூரோதானே அண்ணா ஜாஸ்தி?" என்று கேட்டான். பெருக்கிப் பார்த்தால் ஜாஸ்திதான். ஆனால் கடிதத்தில் இருப்பதும் கையில் வருவதும் ஒன்றல்ல.

துபாயில் வருமான வரி கிடையாது. 15,000 என்றால் 15,000 வங்கிக்கு வந்துவிடும். ஸ்டுட்கார்ட்டில் வருமான வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு எல்லாம் பிடித்தது போக, தனி ஆளுக்கு 4,800-ல் ஏறத்தாழ 3,000 யூரோ நிற்கும். இதோடு நிறுத்தினால் துபாய்தான் மேல். கல்யாணமாகாத பையன், மூன்று நான்கு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக் கடனை அடைக்க வேண்டும், கராமாவிலோ தேராவிலோ அறையைப் பகிர்ந்து தங்கத் தயார் என்றால் யோசிக்கவே வேண்டாம், துபாய்.

இவனுக்கோ மனைவி, நான்கு வயது மகள். கணக்கு இங்கேதான் புரள்கிறது.

துபாயில் வாடகை பெரும்பாலும் வருடக் கணக்கு, பின்தேதியிட்ட காசோலைகளாகக் கொடுக்க வேண்டும். வருடம் 72,000 திர்ஹம், நான்கு காசோலை என்று வைத்துக்கொள்வோம். குடிபோகும்போதே முதல் காசோலை 18,000. முன்பணம் 5 சதவீதம், தரகு 5 சதவீதம், இரண்டும் சேர்த்து 7,200. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு வைப்புத்தொகை 2,000. ஆக 27,200. முதல் சம்பளம் வருவதற்குள் கிட்டத்தட்ட இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. அப்புறம் வாடகையில் 5 சதவீத வீட்டுக் கட்டணம் மாதம் 300 என்று மின்கட்டண ரசீதிலேயே வரும். மகளுக்குப் பள்ளி என்றால் தனியார் பள்ளிதான், கட்டணம் வருடா வருடம்.

ஜெர்மனியில் மனைவிக்கு வருமானம் இல்லாவிட்டால் வரி வகுப்பு மூன்றைக் கேட்டு வாங்கலாம். அப்போது அதே 4,800-ல் சுமார் 3,400 நிற்கும். அரசு மருத்துவக் காப்பீட்டில் மனைவிக்கும் குழந்தைக்கும் தனிச் சந்தா இல்லை. அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. குழந்தைக்கென்று அரசே மாதாமாதம் பணம் தருகிறது (2025-ல் 255 யூரோ). பிடித்தம் என்று நாம் பயப்படும் பணத்தில் பாதி, குடும்பத்தோடு போனவனுக்கு இப்படித் திரும்பி வந்துவிடுகிறது என்பேன்.

அங்கே கஷ்டம் வேறு மாதிரி. விளம்பரத்தில் போடுவது 'குளிர் வாடகை'. வெப்பமூட்டல், தண்ணீர், பராமரிப்பு எல்லாம் அதற்கு மேல். முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகை வரை கேட்கலாம். பல வீடுகளில் சமையலறை வெறும் சுவர்தான். அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் நாமே வாங்கி மாட்ட வேண்டும். அதற்கே சில ஆயிரம் யூரோ எடுத்து வைக்கச் சொன்னேன்.

சிங்கப்பூரும் அவன் மனதில் இருந்தது. திருச்சியிலிருந்து நேரடி விமானம், கடைத்தெருவில் தமிழ், பெற்றோருக்கு ஒன்றென்றால் அன்றே ஊர் திரும்பலாம். வரியும் லேசு: வருடம் 80,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) 3,350 வெள்ளிதான். ஆனால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,600 வெள்ளி (2025), மனைவி மக்களை அழைத்துவர 6,000. இடையில் மாட்டிக்கொண்டவன் தனியாகத்தான் இருக்க வேண்டும். மூவறை வீவக வீடு (அரசு கட்டிய அடுக்குமாடி வீடு) என்பது நம் கணக்கில் இரண்டு படுக்கையறை. அதன் வாடகையே சம்பளத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். இருவரும் வேலை பார்த்தால் சிங்கப்பூர் நல்ல ஊர். ஒரு சம்பளத்தில் குடும்பம் என்றால் நான் சொல்ல மாட்டேன்.

துபாய் போகிறவர்களுக்கு ஒன்று. கையெழுத்துப் போடும் முன் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். பணிக்கொடை அதை வைத்துத்தான்: முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். 15,000-ல் அடிப்படை 7,500 என்றால் ஐந்து வருடத்தில் 26,250 திர்ஹம். 10,000 என்றால் 35,000. மொத்தச் சம்பளம் மாறாமலே இவ்வளவு வித்தியாசம்.

தம்பி ஸ்டுட்கார்ட்டுக்குச் சரி சொல்லிவிட்டான். மனைவியும் அவனும் மாலையில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறார்கள். வீட்டு முன்பணத்துக்குத்தான் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறான்.