எதிரில் நின்று தொலைபேசியில் வாங்கிய டோக்கன்

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகப் போய்வருகிற கும்பகோணத்துக் கிளினிக்கில் இப்போது நேரில் போனால் டோக்கன் கிடையாது. காலை ஏழு மணிக்கு உயிர்பெறும் ஒரு கைப்பேசி எண்ணில் கூப்பிட்டுப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் டாக்டர் வந்து அமர்ந்ததும் அந்த வரிசைப்படி உள்ளே விடுவார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இந்த ஏற்பாட்டோடு நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். விமானம், வாடகைக் கார், வங்கி வேலை எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

டாக்டரிடம் போக வேண்டிய தேவை வந்ததே ஒரு நல்ல அனுபவத்தால்தான். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மாத்திரை கொடுப்பதற்காக ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர் பெண் ஒருவர் வந்திருந்தார். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய இத்திட்டத்தின்படி, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர, நேரில் பார்த்தது இப்போதுதான். திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அம்மாவையும் விடாமல் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தவர், மேல் அளவு 170-ஐத் தாண்டியிருக்கிறது, உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். லண்டனில் இந்த ஓர் அளவை எடுத்துக்கொள்ள நான் மருந்துக்கடைக்கோ கிளினிக்குக்கோ நடக்க வேண்டும். இங்கே அது காசில்லாமல் வாசலுக்கு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காட்டலாமே என்றேன். “என் உடம்பு அவருக்குத்தான்டா தெரியும்” என்று அம்மா கிளினிக்கைத் தவிர வேறெங்கும் வர மறுத்துவிட்டார்.

மறுநாள் ஏழு மணிக்குக் கைப்பேசியோடு உட்கார்ந்தேன். லண்டனில் நான் வாழும் ஈஸ்ட் ஹாம் பகுதியில் இந்தச் சடங்கு காலை எட்டு மணிக்கு நடக்கும். எட்டு அடித்ததும் வட்டாரமே ஒரே எண்ணை அழுத்தத் தொடங்கும். வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதை ஓர் இயந்திரக் குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். நம் முறை வரும்போது அன்றைய இடங்கள் தீர்ந்திருக்கும். இந்த எட்டு மணிப் போராட்டம் அந்நாட்டில் தேர்தல் மேடைவரை ஏறி, கடைசியில் 2025 அக்டோபர் முதல் இங்கிலாந்தின் ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டர்களின் கிளினிக்குகள் எல்லாம் வார நாள்களில் காலை எட்டிலிருந்து மாலை ஆறரை வரை இணையவழிக் கோரிக்கைகளையும் ஏற்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. அங்கே ஒழிக்க முயல்கிற ஒன்றை இங்கே யாரோ புதுமை என்று நினைத்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அந்த எண் விடாமல் பிஸியாகவே இருந்தது. தட்கல் டிக்கெட்டுக்கு முட்டி மோதுவது போல அழுத்திக்கொண்டே இருந்தேன். பொறுமை தீர்ந்ததும் அம்மாவின் பழைய சீட்டுகள் இருந்த மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு நேரிலேயே கிளம்பினேன்.

காலையில் ரத்தம் எடுப்பதற்காகக் கிளினிக்கைத் திறந்து வைத்திருப்பார்கள். வரவேற்பு மேசையில் ஓர் இளம்பெண், அவர் முன்னால் ஒரு நோட்டு, நோட்டின் மேல் அந்தக் கைப்பேசி. அம்மாவுக்கு டோக்கன் வேண்டும் என்றேன்.

“ஃபோன்லதான் சார் போடணும். நேர்ல குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க.”

“ஃபோன் கிடைக்கவில்லையே அம்மா, அதனால்தானே வந்தேன்?”

“ட்ரை பண்ணிக்கிட்டே இருங்க சார், கிடைக்கும்.”

அவருக்கு ஓரடி தள்ளி நின்றபடியே மறுபடி அழுத்தினேன். மேசையின் மேல் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதைக் காதில் வைத்தவர், சற்றுமுன் என்னிடம் பேசியவர் வேறு யாரோ என்பது போன்ற ஒரு குரலில், “வணக்கம், கிளினிக், பேஷண்ட் பேர் சொல்லுங்க” என்றார். நானும் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே அம்மாவின் பெயரையும் வயதையும் சொன்னேன். “புதுசா, பழசா?” பழையவர். “டோக்கன் இருபத்தி மூணு. எட்டு மணிக்கு வாங்க.” இணைப்பைத் துண்டித்துவிட்டு, என் கண்ணெதிரே நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் கேலியும் இல்லை, சங்கடமும் இல்லை. வேலையை விதிப்படி செய்த நிறைவு மட்டுமே இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தை யார் மேல் வைப்பது என்பதுதான் இன்றுவரை புரியவில்லை.

அடுத்து நடந்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பந்தநல்லூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த ஒரு வயதான தம்பதிக்கும் அதே பதில் கிடைத்தது. அவர்களிடம் கைப்பேசியே இல்லை; இருந்த ஒன்றும் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருந்தது. என் கைப்பேசியிலிருந்தே அவர்களுக்காகக் கூப்பிட்டேன். அதே அதிர்வு, அதே வணக்கம். ஆனால் இம்முறை, “இந்த நம்பர்ல இன்னிக்கு ஒரு டோக்கன் போட்டாச்சு சார், ஒரு நம்பருக்கு ஒண்ணுதான்” என்றார். கீழே இருந்த மருந்துக்கடைக்காரர் தன் கைப்பேசியைக் கொடுத்து உதவினார். தினமும் யாராவது ஒருவருக்காவது இப்படிக் கொடுக்க வேண்டியிருக்கிறதாம்.

கூட்டத்தைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். எனக்குத் தெரிந்த கூட்டம் வேறு. பெரிய டாக்டர் காலத்தில் கம்பவுண்டர் மாமாதான் எல்லாம். காலையில் வாசல் பெஞ்சில் நீள நோட்டை வைத்துவிடுவார். யாராவது போய்ப் பெயரை எழுதிவிட்டு வந்தால் போதும். மருந்துக்கு வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோக வேண்டும். அதில் ரோஸ் நிற மிக்ஸரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காகப் பல்பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டிக் கொடுப்பார். நோட்டில் பெயர் எந்த இடத்தில் இருந்தாலும், குழந்தை மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டால் “நீ உள்ள போம்மா” என்று அனுப்பிவிடுவார், யாரும் முணுமுணுத்ததில்லை. ஈஸ்ட் ஹாமில் வரவேற்பாளர் உடம்புக்கு என்ன என்று துருவித் துருவிக் கேட்கும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தக் கேள்விகளும் அவசரம் யாருக்கு என்று பிரிப்பதற்காகத்தான். இந்தப் புதிய எண்ணோ பெயர், வயது தவிர எதையும் கேட்பதில்லை. 170-க்கு மேல் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

எட்டு மணிக்குப் போனபோது பதினொன்றாம் டோக்கன் உள்ளே இருந்தது. ரிப்போர்ட் காட்ட மட்டும் வந்தவர்கள் டோக்கனே இல்லாமல் நுழைந்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிய மருந்துக் கம்பெனி ரெப்புகள் தோல்பையோடு மும்மூன்று பேராக நுழைந்தார்கள். இவர்கள் எல்லாம் எந்த எண்ணுக்குக் கூப்பிட்டார்கள் என்று கேட்க நினைத்து, அம்மா முறைத்ததால் விட்டுவிட்டேன். உள்ளே போனபோது மணி பத்தேகால். டாக்டர் நன்றாகவே பார்த்தார். இரு கைகளிலும் அளந்து, ஒரு மாத்திரையை மாற்றி, ரத்தப் பரிசோதனைக்கு எழுதி, முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். பரிசோதனை முடிவு மறுநாள் மதியமே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. லண்டனில் ரத்தம் கொடுப்பதற்கே தனியாக நாள் குறிக்க வேண்டியிருக்கும் என்பதால், இந்த வேகத்தைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். முன்கூட்டியே ஒரு டோக்கன் எழுதி வைத்துவிடலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டதற்கு, அன்றன்று காலை ஏழு மணிக்குத்தான் என்றார். அம்மாவின் பட்டன் கைப்பேசியில் அந்த எண்ணைப் பதிந்து, ஒரே பொத்தானில் போகும்படி செய்து கொடுத்திருக்கிறேன். பிஸி என்றால் மறுபடி மறுபடி அழுத்த அவருக்குப் பொறுமை இருக்காது என்பதால், நானும் லண்டனிலிருந்து கூப்பிடுவதாக ஏற்பாடு. கும்பகோணத்தில் காலை ஏழு என்றால் இந்தக் குளிர்காலத்தில் எனக்கு நள்ளிரவு ஒன்றரை மணி. வெளிநாட்டு எண்ணிலிருந்து வரும் அழைப்பை அவர்கள் எடுப்பார்களா என்று கேட்டேன். “ட்ரை பண்ணிப் பாருங்க சார்” என்றார்.